முதல் எக்ஸ்ரேயில் தெரியாத முறிவு: பத்து வாரம் கழித்து எனக்குத் தெரிந்தவை

போன ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மழை வருகிற மாதிரி இருக்கவே, மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு அவசரமாக இறங்கினேன். கடைசிக்கு மூன்றாவது படியில் கால் வழுக்கிவிட்டது. வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். எழுந்து பார்த்தால் பெரிய வீக்கம் இல்லை, கை கோணவும் இல்லை. மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, உள்ளே ஊசி இறங்குகிற மாதிரி ஒரு வலி மட்டும். மதுரையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், அவர் அனுப்புவது கடனுக்கே சரியாகப் போய்விடும். வாடகையும் எட்டாவது படிக்கிற மகளின் படிப்பும் என் தையலில்தான் ஓடுகிறது. அதனால் வலது கை என்றதும் பயந்துபோய் அன்றைக்கு ராத்திரியே பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போய்விட்டேன். அலட்சியமாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். போக வேண்டிய நேரத்தில் போயும் பத்து வாரம் வீணானது.

அங்கே இரண்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். கையை மேஜையில் நேராக வைத்து ஒன்று, பக்கவாட்டில் வைத்து ஒன்று. டாக்டர் ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் செல்போனில் படம் பிடித்துத் தெரிந்த எலும்பு டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "எலும்பு உடையலைம்மா, சுளுக்குதான். ஒரு வாரத்துல சரியாயிடும்" என்றார். கிரேப் பேண்டேஜ், வலி மாத்திரை, தடவ ஜெல் எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தது. அன்றைக்கு அதை நான் படிக்கவே இல்லை. பின்னால் படித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதைத் தமிழில் சொன்னால் "வெளிப்படையாக முறிவு எதுவும் தெரியவில்லை" என்று வரும். சீட்டில் 'தெரியவில்லை' என்று இருந்தது டாக்டர் வாயில் 'உடையலை' என்று ஆகி, நான் துபாய்க்குப் போன் பண்ணும்போது 'ஒண்ணும் இல்லையாம்' என்று ஆகிவிட்டது. என் கையில் நடந்த தப்பு முழுவதும் அந்த மூன்று வார்த்தைகளுக்கு நடுவில்தான் நடந்தது.

ஒரு வாரம் போனது. சும்மா இருந்தால் வலிக்கவில்லை. ஆனால் கத்தரிக்கோலைப் பிடித்துத் துணியை வெட்டினால் உயிர் போகும். ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. கையை ஊன்றித் தரையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. மூன்றாவது வாரம் அதே கிளினிக்குக்கு மறுபடியும் போனேன். "எக்ஸ்ரேதான் எடுத்தாச்சே" என்று சொல்லி வேறு வலி மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தந்தார்கள், 900 ரூபாய். அப்புறம் ஊரில் எல்லோரும் சொல்கிற மாதிரி சுளுக்கு எடுப்பவரிடம் போனேன். எண்ணெய் போட்டு உருவி, கட்டைவிரலைப் பிடித்துச் சொடக்கி இழுத்துவிட்டார். தடவைக்கு 300 ரூபாய், நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து மகளுக்குத் தெரியாமல் அழுதேன். அவரைக் குறை சொல்லவில்லை. சுளுக்கு என்று நான்தானே சொல்லிக்கொண்டு போனேன். ஆனால் உள்ளே எலும்பு இரண்டாகக் கிடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. 38 பிளவுஸ் ஆர்டர் எடுத்திருந்தேன். முக்கால்வாசியைப் பக்கத்துத் தெருப் பெண்ணிடம் கொடுத்துத் தைக்கச் சொல்லியும் முடியவில்லை. துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்தவர்களில் ஒரு தங்கச்சி, ஸ்டாஃப் நர்ஸ். நான் இடது கையால் துணியை எடுத்துக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று விசாரித்தாள். "கட்டைவிரலை மேல தூக்குங்கக்கா" என்றாள். கட்டைவிரலை நன்றாக விரித்துத் தூக்கினால் அதன் அடியில் மணிக்கட்டை ஒட்டி இரண்டு நரம்பு மாதிரி தெரியும், நடுவில் சின்னதாக ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் அவள் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினாள். நான் கத்திய கத்தலில் மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். இடது கையிலும் அதே இடத்தில் அழுத்தினாள், ஒன்றுமே இல்லை. "அக்கா, ஸ்கேஃபாய்டுக்குன்னு தனியா எக்ஸ்ரே எடுத்தாங்களா?" என்று கேட்டாள். அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். விழுந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. அதுவரை ஒருவர்கூட அந்தப் பள்ளத்தில் விரல் வைத்துப் பார்க்கவில்லை.

மறுவாரம் வேறொரு மருத்துவமனையில் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். அவர் முதலில் படத்தைக் கேட்கவில்லை. எப்படி விழுந்தீர்கள், எந்தக் கை, கையை ஊன்றினீர்களா, எங்கே வலி என்று கேட்டு, அழுத்திப் பார்த்து, கட்டைவிரலை நேராக உள்ளே தள்ளிப் பார்த்து, அதற்கப்புறம்தான் எக்ஸ்ரே எழுதினார். இந்தத் தடவை நான்கு படம். அதில் ஒன்றுக்குக் கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்து வைக்கச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் திரையில் பழைய ஃபிலிமையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. கட்டைவிரல் பக்கம் இருப்பது ஸ்கேஃபாய்டு, படகு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். கையை நேராக வைத்து எடுத்த படத்தில் அது முன்பக்கம் கவிழ்ந்த மாதிரி சுருங்கிக் குட்டையாகத் தெரிந்தது. சாய்த்து எடுத்த படத்தில் முழு நீளத்துக்கு நிமிர்ந்து நின்றது, அந்த எலும்பின் நடுவில் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மடிப்பு வைத்த துணியில் கிழிசல் மடிப்புக்குள் இருந்தால் எவ்வளவு பார்த்தாலும் தெரியாது, இழுத்து விரித்தால்தான் தெரியும். எக்ஸ்ரே என்பது நிழல் படம். எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழுகிறதோ அந்தப் பக்கத்து நிழல்தான் விழும். அதனால்தான் எந்த எலும்பானாலும் குறைந்தது இரண்டு பக்கத்திலிருந்து எடுக்கிறார்கள். சில எலும்புகளுக்கு இரண்டும் போதாது, அதற்கென்றே தனிக் கோணம் உண்டு.

"முதல் நாளே இப்படிச் சாய்த்து எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா சார்?" என்று கேட்டேன். நேர்மையாகத்தான் பதில் சொன்னார். தெரிந்திருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம். விலகாத மயிரிழை முறிவு முதல் நாள் படத்தில் பிடிபடாமல் போவது இந்த எலும்பில் அடிக்கடி நடக்கிறதாம். பத்துப் பதினான்கு நாள் போனால் முறிந்த ஓரத்தில் எலும்பு கொஞ்சம் கரைந்து கோடு அகலமாகும், அப்போது எடுத்தால் தெரிய வாய்ப்பு அதிகம். அதனால், படத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்தப் பள்ளத்தில் வலி இருந்தால் முறிவு இருப்பதாகவே வைத்துக்கொண்டு, மணிக்கட்டு அசையாமல் கட்டுப் போட்டு, இரண்டு வாரத்துக்குள் மறுபடி படம் எடுப்பதுதான் முறை என்றார். அதுவரை காத்திருக்க முடியாதென்றால் முதல் சில நாட்களிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம், அதில் மயிரிழை முறிவும் அநேகமாகத் தப்பாது. எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். முதல் நாள் தெரியாமல் போனதற்கு யாரையும் திட்ட முடியாது. மூன்றாவது வாரம் நான் வலியோடு திரும்பிப் போனபோது பழைய படத்தையே காட்டித் திருப்பி அனுப்பினார்களே, அதை மட்டும் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. விழுந்து அடிபட்டு, படம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், பத்து நாள் கழித்தும் ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி வலி இருந்தால், மறுபடி எடுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். மணிக்கட்டு எக்ஸ்ரேக்கு 300, 400 ரூபாய். அந்த 400 ரூபாய்ப் படத்தைக் கேட்கக் கூச்சப்பட்டதற்கு நான் கொடுத்த விலையைக் கீழே எழுதுகிறேன்.

இந்த எலும்பில் தாமதம் ஏன் இவ்வளவு ஆபத்து என்பதையும் அவரே சொன்னார். மற்ற எலும்பு மாதிரி இதற்கு எல்லாப் பக்கமும் ரத்தம் வருவதில்லை. விரல் பக்கத்து முனை வழியாகப் பெரும்பாலான ரத்தம் நுழைந்து, பின்னோக்கி முழங்கைப் பக்கத்து முனைக்குப் போகிறது. தெருக்கடைசி வீட்டுக்குப் போகிற குடிநீர்க் குழாய் நடுவில் உடைந்தால் கடைசி வீட்டுக்குத்தான் தண்ணீர் நிற்கும். அதே மாதிரி நடுவில் முறிந்தால் பின்பக்கத் துண்டு ரத்தம் இல்லாமல் செத்துப்போகலாம், எலும்பு ஒட்டாமலே நின்றுவிடலாம். அப்படியே விட்டால் சில வருடங்களில் மணிக்கட்டு மூட்டே தேய்ந்துவிடும். எனக்கு ஏற்கெனவே ஒட்டாமல் இடைவெளி விழுந்திருந்தது. பின்துண்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ., துண்டுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்க்க சி.டி., இரண்டும் எழுதினார். ஒரே கைக்கு எதற்கு இரண்டு ஸ்கேன், பணம் பிடுங்கவா என்று முதலில் எனக்கும் தோன்றியது. கேட்டுவிட்டேன். சி.டி. எலும்பின் வடிவத்தையும் விலகலையும் அடுக்கடுக்காகக் காட்டும், ஆனால் உள்ளே ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று சொல்லாது. எம்.ஆர்.ஐ. எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை, எலும்புகளை இணைக்கிற சவ்வு, உள்ளே கோத்திருக்கிற நீர் எல்லாம் காட்டும். எந்தக் கேள்விக்காக எந்த ஸ்கேன் என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை. நல்ல டாக்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

சி.டி. சில நிமிடங்களில் முடிந்தது, 3,000 ரூபாய். எம்.ஆர்.ஐ. 6,500 ரூபாய். அதற்குப் போகும்போது துணைக்கு யாரும் இல்லை. உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்பதால் தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள். முன்கூட்டியே விசாரித்திருந்ததால் மஞ்சள் கயிற்றில் வெறும் மஞ்சள் கிழங்கு கட்டிப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். நகையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், தனியாகப் போகிறவர்களுக்கு அங்கே யாரிடம் கொடுப்பது என்று பெரிய தவிப்பாகிவிடும். தையல்காரி பழக்கத்தில் ஜாக்கெட்டில் இரண்டு ஊக்கும் ஒரு ஊசியும் குத்தியிருந்தேன். அங்கிருந்த பெண் தடவிப் பார்த்து எடுத்துவிட்டாள். பேஸ்மேக்கர், உடம்புக்குள் பழைய பிளேட், கர்ப்பம் இதெல்லாம் இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். குப்புறப் படுத்து வலது கையைத் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் இருக்கச் சொன்னார்கள். தோள் மரத்துப்போய்விட்டது. அசைந்தால் படம் கலங்கி மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஆரம்பிப்பதற்கு முன்பே தோளுக்கும் நெஞ்சுக்கும் அடியில் தலையணை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் மறுநாள் கைக்கு வந்தது, இரண்டு பக்கம். நான் செய்த அடுத்த தப்பு, அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கூகுளில் தேடினேன். ஸ்கேஃபாய்டு தவிர, சுண்டுவிரல் பக்கத்துக் குருத்தெலும்பில் தேய்மானம், ஒரு சின்ன நீர்க்கட்டி, மூட்டில் லேசாக நீர் என்று வரிசையாக இருந்தது. கை மொத்தமும் போய்விட்டது என்று நினைத்து விடியும்வரை தூங்கவில்லை. மறுநாள் டாக்டர் அந்த வரிகளை எல்லாம் விரலால் தள்ளிவிட்டார். வயது ஏற ஏற வலியே இல்லாதவர்கள் கையை எடுத்தாலும் இப்படி ஏதாவது எழுதத்தான் செய்வார்கள், உங்களுக்கு அங்கே வலி இருக்கிறதா, இல்லையே, விடுங்கள் என்றார். ரிப்போர்ட் எழுதுகிற ரேடியாலஜிஸ்ட் பார்த்ததை எல்லாம் எழுதியாக வேண்டும். எது வலிக்குக் காரணம் என்பது கையைத் தொட்டுப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். ரிப்போர்ட் கடைசியில் 'கிளினிக்கல் கோரிலேஷன்' தேவை என்று ஒரு வரி வருமே, அதற்கு அதுதான் அர்த்தம். படத்தை ஆளோடு ஒப்பிட்டுப் பார் என்கிறது. எனக்கு முதலில் நடந்தது அதற்கு நேர் எதிர். ஆளைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்தார்கள்.

அவர் காட்டிய இடம் ஒன்றே ஒன்று. எம்.ஆர்.ஐ.யில் டி1 என்று ஒரு வகைப் படம் இருக்கிறது. அதில் பெரியவர்களின் எலும்பு மஜ்ஜையில் இருக்கிற கொழுப்பு வெளுப்பாகத் தெரியும். செத்துக்கொண்டிருக்கிற எலும்பு கறுத்துவிடும். என் ஸ்கேஃபாய்டின் முன்துண்டு பக்கத்து எலும்புகள் மாதிரியே வெளுப்பாக இருந்தது. பின்துண்டு சாம்பல் நிறத்தில், நடுவில் சில இடம் மட்டும் வெளுத்து, பாதி காய்ந்த துணி மாதிரி இருந்தது. "முழுசாக் கறுக்கலை, காப்பாத்தப் பார்க்கலாம்" என்றார். அந்தச் சாம்பல் திட்டைப் பார்த்துத்தான் நான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.

இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து இடைவெளியில் வைத்து, தலையில்லாத சின்ன ஸ்குரூ ஒன்றை எலும்புக்குள்ளேயே இறக்கினார்கள். ஹெர்பர்ட் ஸ்குரூ என்பார்கள். எல்லாம் சேர்த்து 92,000 ரூபாய், வளையலும் ஆரமும் அடகுக்குப் போயின. கையைவிட இடுப்பு வலிதான் முதல் வாரம் அதிகம். தலை பின்ன முடியாமல் மகள் எனக்குப் பின்னிவிட்டாள். டாக்டர் ஃபீஸ், படங்கள், பிசியோ எல்லாம் சேர்த்துச் செலவு ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம், ஆறு மாதம் தைக்காததில் போன வருமானம் ஏறக்குறைய தொண்ணூறாயிரம். முதல் இரண்டு வாரத்திலேயே தெரிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தாலும் இரண்டு மூன்று மாதம் தைத்திருக்க முடியாதுதான். ஆனால் கத்தி வைக்காமலே ஒட்ட நல்ல வாய்ப்பு இருந்தது, செலவும் சில ஆயிரத்தோடு போயிருக்கும்.

ஒட்டிவிட்டதா என்று பார்ப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எட்டாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் கோடு மறைந்த மாதிரி இருந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் அவசரப்படவில்லை. நிழல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒட்டாததும் ஒட்டின மாதிரி காட்டும் என்று சொல்லி, மூன்றாவது மாதம் சி.டி. எடுத்துப் பார்த்தார். முறிவின் குறுக்கே பாதிக்கு மேல் எலும்பு பாலம் போட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பாரம் தூக்க அனுமதி கிடைத்தது.

இந்த ஆறு மாதத்தில் கற்றுக்கொண்ட சின்னச் சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே சீட்டில் 'கை' என்று மொட்டையாக எழுதியிருந்தால் எங்கே வலி, எப்படி விழுந்தது என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள், படம் எடுப்பவர் கோணத்தை அதைப் பார்த்துத்தான் வைப்பார். ரேடியாலஜிஸ்ட் எழுதிய ரிப்போர்ட் தனியாகக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் நசுங்கி மெல்லிய கோடு காணாமல் போகும், அதனால் ஸ்கேன் சென்டரில் குறுந்தட்டிலோ பென்டிரைவிலோ அசல் படத்தைக் கேளுங்கள். எக்ஸ்ரேயில் சவ்வும் குருத்தெலும்பும் தெரியாது. முழங்கால் திருகி வீங்கி, நடக்கும்போது நழுவுகிற மாதிரி இருந்தால், எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதை வைத்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். வீட்டில் வயதானவர்கள் விழுந்து, இடுப்பு எக்ஸ்ரே நன்றாக இருந்தும் காலை ஊன்ற முடியவில்லை என்றால், நடக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல் மேற்கொண்டு ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள், இடுப்பிலும் இதே மாதிரி மறைந்த முறிவு உண்டு. அடிக்கடி எக்ஸ்ரே எடுத்தால் ஆபத்தோ என்று நானும் பயந்தேன். மணிக்கட்டுக்கு விழுகிற கதிர்வீச்சு மிக மிகக் குறைவு, அந்தப் பயத்தில் மறு படத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மார்ச்சிலிருந்து மறுபடி தைக்கிறேன். மணிக்கட்டு இடது கை அளவுக்குப் பின்னால் மடங்குவதில்லை, உள்ளங்கையை ஊன்றி எழுந்திருக்க முடியவில்லை, கெட்டியான துணி என்றால் வெட்டிக்கொடுக்க ஆள் வைத்துக்கொள்கிறேன். ஃபிலிம்களை மடிக்காமல் வைக்க மீதித் துணியில் ஜிப் வைத்து ஒரு பை தைத்தேன். முதல் நாள் ஃபிலிமும் அதில்தான் இருக்கிறது. கோடு எங்கே என்று இப்போது எனக்குத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன், இன்னும் என் கண்ணுக்கு அது தெரியவில்லை.